புயலுக்கு முன் கிளம்புகிறவர்

உலகத்தில் புயல் என்றதும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறவர்கள் உண்டு. புயலாவது மண்ணாவது என்று கையை வீசிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையாலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது, விட்டுவிடுவோம். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. புயல் வரப்போகிறது என்பதை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டு, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் தீர்மானம் செய்து, கோட்டை மாட்டி, தொப்பியைக் கையில் எடுத்து, "சரி, அப்ப நாங்க கிளம்பறோம்" என்று வாய்விட்டுச் சொல்லியும் முடித்து, அதற்கப்புறம் நின்ற இடத்திலேயே அந்தப் புயலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர். பேச்சு முடிவதற்குள் புயலே வந்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். புயலுக்கு முன் கிளம்புகிறவர் என்று இந்த வகைக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

இவர் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் நன்றாகக் கொழுத்து, கூட்டம் கூட்டமாக, பயமில்லாமல் திரிவதைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் வாரத்தில் அமெரிக்காவில் மினசோட்டாவின் ஏரிக்கரை ஊர்களுக்கு வர வேண்டும். மரமெல்லாம் மொட்டையாகியிருக்கும், ஏரி இன்னும் உறைந்திருக்காது. மனிதனுக்குப் பேச விஷயமே இல்லாத வாரம் அது. அந்த வாரத்தில் பருவத்தின் முதல் பனிப்புயல் வருகிறது என்று ஒரு முன்னறிவிப்பு வந்தால் கேட்க வேண்டுமா? பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரிதான்.

மாதிரிக்கு டெல்மர் க்வாமை எடுத்துக்கொள்வோம். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூடப் பிள்ளைகளைத் தாமதமாக இறக்கியதில்லை என்று மாவட்டத்தில் பாராட்டுப் பத்திரமெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் நின்று விடைபெற வேண்டிய அவசியம் இல்லாததால் அது சாத்தியமாயிற்று. சொந்தக் காரில் சொந்தச் சனங்களைப் பார்க்கப் போகும்போதுதான் கோளாறு. மூத்த மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு அவரும் அவர் மனைவி லவோனும் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லவோனின் அக்கா ஆர்டிஸின் கல்யாணத்துக்குப் போனபோது பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரைவிட்டே போயிருந்தார்கள். காரணம் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். வழியில் யாரோ ஒருவர் வீட்டில் அஞ்சே நிமிஷம் நின்றிருந்தார்கள்.

அந்த ஆர்டிஸுக்குத்தான் இப்போது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் தவறிப்போனபின் வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போனவள், அறுபத்தெட்டு வயதில் ஹெக்டர் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியரைக் கட்டிக்கொள்கிறாள். சனிக்கிழமை காலை, ஒரு தோட்டத்தில். லவோன் அக்கா பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"முதல் கல்யாணத்துக்குத்தான் நீ வந்து சேரல," என்றாள் ஆர்டிஸ் போனில். "இதுக்கும் வரலைன்னா, மூணாவதா ஒண்ணு பண்ணிக்க எனக்கு வயசில்லடி." சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் பக்கம் நாப்பது பேர் வர்றாங்க லவோன். என் பக்கம் நிக்க நீ ஒருத்திதான்."

போனை வைத்த பிறகும் லவோனுக்கு அந்த நாற்பதும் அந்த ஒன்றும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன ஆனாலும் சரி, இந்தத் தடவை போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு கட்டினாள். கூடவே இன்னொரு முடிவும். போன இடத்தில் வானிலை பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாற்பது வருஷமாக அவள் காதில் விழுந்த பனி அங்குலக் கணக்குக்கு ஒரு வாரமாவது லீவு வேண்டும்.

டெல்மர் கல்யாணத்துக்கு வரவில்லை. மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமையில் முகூர்த்தம் வைத்தால் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் யார்தான் போவார்கள்? "வேட்டை அன்னிக்கு எவனாவது கல்யாணம் வெப்பானா? அந்த ஆளு எந்த ஊர்க்காரன்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் லவோனை விமான நிலையத்தில் விடுவது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

"முதல் பனி. எப்படி ஓட்டறதுன்னே ஜனங்க மறந்திருப்பாங்க. நீ ஓட்ட வேணாம், நானே கொண்டுபோய் விடறேன். போற வழில அண்ணன் வீட்ல துப்பாக்கியையும் சாமானையும் இறக்கி வெச்சிட்டா, உன்னை விட்டுட்டு வந்து அங்கயே தங்கிப்பேன்."

"இறக்கி வெக்க எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சே நிமிஷம்."

லவோன் பெட்டியை அன்றைக்கே கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

புதன்கிழமை சாயந்திரம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பையனுக்கு முகமெல்லாம் பல். கோடை முழுக்க 'இன்றும் வெயில், நாளையும் வெயில்' என்று சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோன பிள்ளை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான். வானிலை சொல்பவன் கையை மடித்துவிட்டால் விஷயம் பெரிது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பருவத்தின் முதல் பனிப்புயல், வியாழன் பிற்பகலில் மேற்கிலிருந்து நுழையும், முதலில் மழை, அப்புறம் மழையும் பனியும் கலந்து, இருட்டுவதற்குள் முழுப் பனி, பயணம் வைத்திருப்பவர்கள் மதியத்துக்குள் முடித்துக்கொள்வது உத்தமம் என்று மூச்சு விடாமல் சொன்னான். சொல்லிவிட்டு வரைபடத்தைக் காட்டினான். நீல நிறம் அடித்த மாவட்டங்களுக்கு ஆறு அங்குலம். ஊதா நிறம் அடித்த மாவட்டங்களுக்கு ஒரு அடி.

டெல்மர் எழுந்து நின்று, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்துக்குப் போய், தன் மாவட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். நீலம். அண்ணன் ஓரினின் மாவட்டத்தைத் தேடினார். நடு ஊதா.

"நமக்கு ஆறுதானா?" என்றார். பரீட்சையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட மார்க் குறைந்த மாதிரி அவர் முகம் சுண்டிப்போயிற்று. "இவனுக்கு நம்ம ஊரைக் கண்டாலே ஆகாது. போன வருஷமும் இப்படித்தான் பண்ணான்."

"மதியத்துக்குள்ள போகச் சொல்றான் டெல்மர். விமானம் நாலு மணிக்கு. காலைல ஒன்பதுக்குக் கிளம்பிடலாம்."

"ஒன்பதா? எட்டுக்கே கிளம்பறோம்."

கவனியுங்கள், நீங்கள் சொல்கிற நேரத்தைவிட முன்னாலேயே கிளம்பலாம் என்று சொல்வதுதான் இந்த வகையின் முதல் அடையாளம். அவர் பொய் சொல்வதில்லை. எட்டு மணிக்குக் கிளம்பவும் செய்வார். கிளம்புவதில் அவருக்கு ஒரு தகராறும் கிடையாது. கிளம்பிய இடத்தைவிட்டு நகர்வதுதான் வராது.

வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் என்று அவரிடம் ஒரு வார்த்தை. பெட்ரோல் போடுகிற இடத்தில் முன்னால் நின்றவர் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் கரண்டி வாங்கியிருந்தார். அவரிடம் இரண்டு வார்த்தை. இப்படியாக ஒரு மணி நேரத்துப் பாதையை இரண்டரை மணி நேரத்தில் கடந்து ஓரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

டெல்மர் எஞ்சினை நிறுத்தவில்லை. இது இரண்டாவது அடையாளம். வண்டி உறுமிக்கொண்டே நின்றால் நாம் உட்காரப்போவதில்லை என்று எல்லோருக்கும் புரியும் அல்லவா? உள்ளே போய்க் கோட்டையும் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் கோட்டோடு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாருங்கள், உட்காரவே இல்லை என்று அந்த விளிம்பு சாட்சி சொல்லும். அந்த விளிம்பிலேயே அவர் பல தடவை மூன்று வேளைச் சாப்பாட்டையும் முடித்திருக்கிறார்.

ஓரின் அவருக்கு ஆறு வயது மூத்தவர், பால்பண்ணை வைத்திருந்து விற்றவர், அதே வகையில் அதைவிடப் பெரிய உருப்படி. இவர் விடைபெறுகிறவர் என்றால் அவர் விடை கொடுக்கிறவர்.

"வர்ற வழில எப்படி?" என்றார் ஓரின்.

"காத்து கிழக்கால இருக்குண்ணே."

"கிழக்காலயா."

"கிழக்காலதான்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய் காப்பி குடித்தார்கள்.

"அப்ப நல்லாத்தான் கொட்டும்."

"மண்ணு இன்னும் சூடா இருக்கேண்ணே."

"இருக்கு. மண்ணு சூடு இருக்கு."

"பனி தங்காதுங்கறேன்."

"தங்கும்கறேன்." ஓரின் கோப்பையை வைத்தார். "உங்க பக்கம் எவ்வளவு போட்டிருக்கான்?"

டெல்மர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு."

"பரவால்லடா," என்றார் ஓரின், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "ஆறும் பனிதான்."

லவோன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பனியைப் பற்றிய பேச்சும் தொண்ணூற்றொன்றில் ஹாலோவீன் பண்டிகை அன்று விழுந்த பனியைத் தொடாமல் முடிந்ததில்லை. அந்த வருஷம் எத்தனை அங்குலம் என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். இரண்டும் தப்பு. சரியான கணக்கு லவோனுக்குத் தெரியும். அன்றைக்கு வாசலில் அளவுகோலை நட்டுப் பார்த்தது அவள்தான். அந்த எண் நாக்கு நுனிக்கு வந்து துடித்துக்கொண்டு நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக டெல்மர் இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு தொடையையும் பட்டென்று தட்டி, "ம்... சரி," என்றார்.

லவோன் எழுந்தே விட்டாள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தும் இந்தத் தட்டலை அவள் இன்னும் நம்புகிறாள் என்பதுதான் பரிதாபம். தொடையைத் தட்டுவது கிளம்புவதற்கு அறிகுறி அல்ல. கிளம்புவதைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு அறிகுறி. அதற்குள் ஓரினின் மனைவி பெர்னடீன் ஐஸ்கிரீம் வாங்கின பழைய வாளியில் பூசணிக் கேக்குத் துண்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போடா டெல்மர்."

"வேணாம் அண்ணி."

"வழில பசிக்கும்."

"ஐயோ, வேணவே வேணாம் அண்ணி."

"வீணாத்தான் போகும். யார் திங்கறது?"

"சரி, அப்ப ரெண்டே ரெண்டு."

வாளி முழுக்க வந்தது. மூன்று தடவை மறுக்காமல் வாங்குவது மரியாதை இல்லை. வாங்கினபின் ஒரு துண்டை அங்கேயே தின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் போவதும் மரியாதை இல்லை. தின்னும்போது நிற்க முடியுமா? திரும்பவும் நாற்காலியின் விளிம்பு.

"பெர்னடீன், நாங்க போகணும்," என்றாள் லவோன். "ஆர்டிஸ் கல்யாணம். இந்த விமானத்தை விட்டா நாளைக்கு எதுவும் கிளம்பாதுங்கறாங்க."

"ஆமாமா, போங்க போங்க. நான் பிடிச்சு வெக்க மாட்டேன்," என்று சொல்லி பெர்னடீன் இன்னும் ஒரு வாய் காப்பியை அவள் கோப்பையில் ஊற்றினாள்.

அடுத்தது கதவு. கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு பேசுவது உட்கார்ந்து பேசுவதைவிட ஏன் இனிக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. கதவு பாதி திறந்து, வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய், வெளிக் குளிரெல்லாம் உள்ளே வந்து, எந்தச் சாலையில் போவது என்ற கேள்வி பிறந்தது. ஏரியைச் சுற்றிப் போகிற பழைய சாலையா, பெரிய நெடுஞ்சாலையா? பழைய சாலையில் வளைவு அதிகம், நெடுஞ்சாலையில் லாரி அதிகம். பழைய சாலையில் போன மார்ச்சில் யார் பள்ளத்தில் இறங்கினார், அவரை யார் டிராக்டரைக் கட்டி இழுத்தார், இழுத்தவரின் மச்சான் இப்போது எங்கே இருக்கிறார்? லவோன் கேக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கைக்குக் கீழே குனிந்து புகுந்து வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

முக்கால் மணி கழித்து அண்ணனும் தம்பியும் கார் அருகே வந்தார்கள். அவள் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டெல்மர் கார்க் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார். ஒரு காலைத்தான் வைத்தார்.

"எந்திரத்தை ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டட்டுமா?" என்றார் ஓரின். பனியை வாரி இறைக்கிற எந்திரம். போன ஏப்ரலுக்குப் பிறகு தொடாதது.

டெல்மர் அந்தக் காலையும் வெளியே எடுத்தார்.

எந்திரம் ஒன்பது தடவை இருமி, பத்தாவது தடவை பிடித்தது. இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கத்திலும் தலையைச் சாய்த்து நின்று, பச்சைக் குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். "ஒரு சின்னக் கடகடப்பு கேக்குதே?" "அது எப்பவும் இருக்கறதுதான்." "இல்லண்ணே, இது புதுசு." இப்படி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிற்பகலில் வருவதாகச் சொல்லியிருந்தது கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. முதல் பனித்துகள் காரின் முன்கண்ணாடியில் விழுந்து கரைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அது கரையவில்லை.

ஓரின் எந்திரத்தை நிறுத்தினார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கோபிக்கக்கூட மனசு வராது.

லவோனுக்கு வந்தது. கோபம் மட்டுமில்லை, அழுகையும் வந்தது. வெயிலில் பூ வளைவுக்குக் கீழே அக்கா நிற்கிறாள், அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். முதல் கல்யாணத்திலும் அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று லவோனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அக்கா அதை வேடிக்கையாகத்தான் சொல்லிக்காட்டியிருக்கிறாள், ஒரு தடவைகூட வருத்தமாகச் சொன்னதில்லை.

டெல்மர் கார்க் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "சொதசொதன்னு கனமா விழுதுண்ணே. வாரும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கும். நீ கொஞ்சம் கொஞ்சமா வாரு," என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த வேட்டைச் சாமானையெல்லாம் ஓரின் எப்போதோ இறக்கி வைத்துவிட்டிருந்தார். எஞ்சின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. லவோன் நடுவில் இருந்த கேக்கு வாளியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். காலை மடக்கி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, ஓட்டுகிறவர் இருக்கைக்கு நகர்ந்தாள். திறந்திருந்த கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"டெல்மர், கையை எடு."

அவர் பேச்சை நிறுத்தாமல் கையை எடுத்தார்.

கார் நகர்ந்தது. ஓரின் வழக்கம்போல அதன் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "மான் குறுக்கால வரும், பாத்துப் போங்க," என்றார். அண்ணனும் தம்பியும் பெர்னடீனும் வாசலில் வரிசையாக நின்று கையாட்டினார்கள். கார் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையாட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. திருப்பத்தில் அது மறைந்ததும் டெல்மர் கையை இறக்கினார்.

"அண்ணே."

"என்னடா?"

"அதுல நானும்ல போகணும்?"

ஓரின் சாலையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "ஆமா," என்றார். "சரி, உள்ள வா. காப்பி இருக்கு."

லவோன் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு மறைந்துகொண்டே வந்தது. எப்படி ஓட்டுவது என்று மறந்துபோன ஜனங்கள் அங்கங்கே பள்ளத்தில் இறங்கி, வெளியே நின்று, போலீஸ்காரரிடம் தொண்ணூற்றொன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் யாருக்கும் நிற்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டி வாங்குகிற பெண், "ரோடெல்லாம் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். "இருக்கு," என்று ஒரே வார்த்தையில் முடித்தாள் லவோன். அந்தப் பெண் ஏமாந்துபோய்ப் பார்த்தாள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைக் காட்டித் தொண்டையைச் செருமினார். லவோன் கண்ணை மூடிக்கொண்டாள். இறக்கையில் இருந்த பனியை மருந்தடித்துக் கழுவி, கடைசியாகக் கிளம்பிய ஒன்றிரண்டு விமானங்களில் அதுவும் ஒன்றாக மேலே ஏறியபோது, அவளுக்குத் தன்னை நினைத்தே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்திலிருந்து கிளம்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை. தோட்டத்தில் வெயில் பளீரென்று அடித்தது. ஹெக்டர் பூ வளைவுக்குக் கீழே வெள்ளைக் கோட்டில் நின்றார். அவர் பக்கத்து நாற்பது பேரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தோட்டத்தை அதற்கடுத்து வேறொரு கல்யாணத்துக்கு விட்டிருந்ததால் சட்டென்று முடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லவோன் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டாள். முன்னதாக. க்வாம் குடும்பத்தில் அப்படி ஒரு சொல்லையே யாரும் பயன்படுத்தியதில்லை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, முகத்துப் பூச்செல்லாம் கலையக் கலைய அழுதாள். "வந்துட்டியேடி," என்றாள். "நிஜமாவே வந்துட்டியே."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூக்காரம்மா கையில் பூங்கொத்தைக் கொண்டுவந்து லவோனிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளும் முப்பது வருஷத்துக்கு முன்னால் மினசோட்டாவிலிருந்து வந்தவள்.

"நீங்க வடக்கேர்ந்தா வர்றீங்க? அங்க நல்லா கொட்டுதாமே?"

லவோன் உதட்டைக் கடித்தாள். ஒரு விநாடி. இரண்டு விநாடி. இதற்கும் 'ஆமா' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

"ஆமா," என்றாள். "ஆனா மண்ணு சூடா இருந்துது பாருங்க."

அவ்வளவுதான். அணை உடைந்தது. வியாழக்கிழமையிலிருந்து, ஏன், நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. காற்று கிழக்கே இருந்தது. ஒரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்கு எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை (தெரிந்தது). பன்னிரண்டு கார் பள்ளத்தில் கிடந்தது (நான்கு). மான் ஒன்று குறுக்கே வந்தது (வரவில்லை). பூக்காரம்மா பூக்கூடையைக் கீழே வைத்தாள். கல்யாணம் செய்துவைக்க வந்திருந்த பாதிரியார் சத்தம் கேட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்தார். அவர் மினசோட்டாவுக்கு அடுத்த வடக்கு டகோட்டாக்காரர். "உங்களுக்காவது பரவால்லைங்க, எங்க பக்கம் காத்தும் சேர்ந்து அடிக்கும்," என்று ஆரம்பித்தார். லவோன் தொண்ணூற்றொன்றின் சரியான கணக்கைச் சொன்னாள். பாதிரியார் அதை மறுத்தார். லவோன் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் உயரத்தைக் காட்டினாள்.

வெயிலில் நாற்பது பேரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஹெக்டர் பூ வளைவுக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கல்யாணப் பெண்ணே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"லவோன், எல்லாரும் காத்துட்டிருக்காங்கடி. அவர் நிக்கறாரு. சாட்சி நீ இல்லாம எப்படி, பாதிரியாரும் இல்லாம எப்படி?"

"இதோ வந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்."

ஆர்டிஸ் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள், நின்றாள்.

"நம்ம பழைய வீட்டுப் பக்கம் எவ்வளவு விழுந்துதாம்?"

கல்யாணம் நடந்தது. நடக்காமல் இல்லை. ஆனால் எடுத்த படங்களில் பின்வரிசையில் பட்டுக் கோட்டும் கடுகடுத்த முகமுமாக நிற்கிற கூட்டத்தை இரண்டு வீட்டாருக்கும் யார் என்று தெரியாது. அது அடுத்த கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஹெக்டர் மட்டும் அந்தப் படத்தில் நேராகக் காமிராவைப் பார்க்கிறார். இனிமேல் தன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டவர் முகம் அது.

சிரிக்கிறீர்கள். நம் ஊரில் பனியே கிடையாது, நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். போன டிசம்பரில் வானம் கறுத்ததும், "மழை வர்ற மாதிரி இருக்கு, நாங்க கிளம்பறோம்" என்று முதல் ஆளாக எழுந்து, செருப்பையும் மாட்டி, கேட்டைப் பாதி திறந்து, ஒரு காலை ஸ்கூட்டரில் போட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எந்த வருஷ மழையில் எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று பேசிக்கொண்டே நின்று தொப்பலாக நனைந்தது யார்? வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்தபோது, "இதோ கிளம்பிட்டேன், ஒரே பக்கம்தான்" என்று யாரிடமோ சொன்னீர்களே. அவர் வண்டிச் சாவியோடு வாசலில் இன்னும் நிற்கிறாரா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.